சொல் விளக்கம்: ஒத்ததிர்வு

சிங்கப்பூர் வகுப்பறைகளில் ‘ரெசொனன்ஸ்’ என்று வழங்குவதற்குத் தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல்கள் தரும் சொல் ஒத்ததிர்வு. எந்தப் பொருளுக்கும், ஒரு குழாய்க்குள்ளோ குப்பிக்குள்ளோ அடைபட்ட காற்றுக்கும்கூட, தனக்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. அதிர்வெண் என்றால் ஒரு விநாடியில் எத்தனை முறை அதிர்கிறது என்ற எண்ணிக்கை; அதை ஹெர்ட்ஸில் சொல்கிறோம். வெளியிலிருந்து வரும் அதிர்வு அதே அதிர்வெண்ணில் வந்தால் ஒவ்வோர் உந்தலும் முந்தையதன்மேல் ஏறிக்கொள்ளும். சிறிய தூண்டலுக்கே அதிர்வு பெரிதாகும். அந்த நிலைக்குத்தான் ஒத்ததிர்வு என்று பெயர்.

இங்கே இயற்பியலை ஆங்கிலத்தில் படிக்கிறோம், தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படிக்கிறோம். அதனால் அறிவியல் சொற்கள் பாடத்தோடு வருவதில்லை. ஊரிலிருந்து வந்த புத்தகம், யாழ்ப்பாணத்து உறவினர், செய்தித்தாள் என்று பல வழிகளில் வந்து சேர்கின்றன. ஒரே கருத்துக்கு நான்கைந்து சொற்கள் புழங்குவதற்கு அதுவே காரணம். அவற்றுள் சில சரி, சில பிழை.

முதலில் சொல்லின் அமைப்பு. ஒத்து + அதிர்வு. ஒத்து என்பதன் ஈற்றுக் குற்றியலுகரம் கெட்டு ஒத்ததிர்வு என்று புணர்ந்தது. இதை ‘ஒத்த அதிர்வு’ என்று பிரித்து எழுதக் கூடாது, பொருள் மாறிவிடும். இசைக்கவை என்பது தட்டினால் ஒரே அதிர்வெண்ணில் ஒலிக்கும், இரு கிளைகள் கொண்ட உலோகக் கவை. 440 ஹெர்ட்ஸ் இசைக்கவைகள் இரண்டைத் தனித்தனியே தட்டினால் எழுபவை ஒத்த அதிர்வுகள். ஒன்றைத் தட்டும்போது, தட்டாத மற்றது தானே ஒலிக்கத் தொடங்கினால் அது ஒத்ததிர்வு. ‘அதிர்’ பழைய வினை. ‘அதிர வருவதோர் நோய்’ என்ற குறளில் (429) நடுங்குதல் என்னும் பொருளில் வருகிறது. முரசு அதிர்ந்தது என்றாலோ முழங்கியது என்றும் கொள்ளலாம், தோல் நடுங்கியது என்றும் கொள்ளலாம். ஒலியைப் பற்றிய கலைச்சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைப்பது அரிது.

‘ஒத்து’ என்றதும் நாகசுரத்துக்குத் துணையாக ஒரே சுருதியைப் பிடித்து நிற்கும் ஒத்துக்குழல் சிலருக்கு நினைவுக்கு வரும். ‘ஒத்து ஊதுகிறான்’ என்ற கேலிப் பேச்சும் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் ஒத்து ஊதுபவர் தன் மூச்சைச் செலவழித்து ஊதுகிறார். ஒத்ததிர்வில் இரண்டாவது பொருளை யாரும் ஊதுவதுமில்லை, தட்டுவதுமில்லை.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பு வேறு. லத்தீனில் ‘ரெ’ என்றால் மீண்டும். ‘சொனாரே’ என்றால் ஒலித்தல். ‘ரெசொனாரே’ திரும்ப ஒலிப்பதைக் குறித்தது, அதாவது எதிரொலி. இருமொழி அகராதிகளில் இந்தச் சொல்லுக்கு நேராக எதிரொலி, முழக்கம் என்றெல்லாம் இருப்பது இந்த வேரினால்தான். மாணவர் அதை அப்படியே எடுத்து இயற்பியல் விடைக்குள் வைத்தால் தவறு. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கைதட்ட, எதிர்ச் சுவரிலிருந்து ஒலி பிந்தி வந்து தனியாகக் கேட்டால் எதிரொலி. பல பரப்புகளில் பட்டுத் திரும்பிய ஒலிகள் ஒன்றோடொன்று கலந்து மெல்லத் தேய்ந்தால் எதிர்முழக்கம். எஸ்பிளனேட் இசையரங்கைச் சுற்றியுள்ள, கதவுகளைத் திறந்து மூடிக் கட்டுப்படுத்தக்கூடிய கான்கிரீட் அறைகள் இந்த எதிர்முழக்கத்தைக் கூட்டிக் குறைப்பதற்காக அமைக்கப்பட்டவை. எதிரொலிக்கும் எதிர்முழக்கத்துக்கும் குறிப்பிட்ட அதிர்வெண் தேவையில்லை. எந்த ஒலியும் திரும்பி வரும். ஒத்ததிர்வோ அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுக்கும்.

இந்தத் தேர்வைக் குளியலறையிலேயே கேட்கலாம். வெற்றுச் சுவர்கள் 1.5 மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நின்றால், அவற்றுக்கிடையே அரை அலைநீளம் அடங்கும் ஒலி ஏறத்தாழ 116 ஹெர்ட்ஸ். ஆண்குரலின் தாழ்ந்த ‘ம்ம்ம்’. கீழிலிருந்து மெல்லச் சுருதி ஏற்றிக்கொண்டே முனகினால், ஓரிடத்தில் மட்டும் அறை திடீரென்று முழங்கும். கொஞ்சம் ஏற்றினாலும் இறக்கினாலும் அடங்கிவிடும். துண்டுகளும் துணிகளும் நிறையத் தொங்கினால் சரியாகக் கேட்காது.

இலங்கைப் பாடநூல்கள் பரிவு என்கின்றன. ஒத்ததிர்வுக் குழாய் அங்கே பரிவுக் குழாய். ஒன்று துடிக்க மற்றதும் துடிப்பதைப் பரிவு என்றது அழகான சொல்லாட்சி. இரண்டு இசைக்கவைச் சோதனைக்கு இதைவிட நல்ல பெயர் இல்லை. இரண்டையும் ஒலிப்பெட்டிகளின்மேல் பொருத்தி, பெட்டிகளின் திறந்த வாய்கள் நேருக்கு நேர் பார்க்கும்படி வைத்து, ஒன்றைத் தட்டி, சில விநாடிகளில் அதைக் கையால் பிடித்து நிறுத்தினால் மற்றது முனகுவது கேட்கும். அதன் ஒரு கிளையில் சிறு மெழுகுத் துண்டை ஒட்டினால் அதிர்வெண் சில ஹெர்ட்ஸ் இறங்கும், பரிவு போய்விடும். வேதியியலில் தமிழ்நாட்டு நூல்கள் உடனிசைவு என்கின்றன. அது மூலக்கூறு அமைப்பைப் பற்றியது, ஒலிப் பாடத்துக்குள் கொண்டுவர வேண்டாம். தவிர்க்க வேண்டியது ஒத்திசைவு. இசையில் இனிய சேர்க்கை, கூட்டத்தில் கருத்தொற்றுமை, இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் இயங்குவது என்று ஏற்கெனவே அதற்கு வேலை அதிகம். நான்காவது பொருளையும் அதன் தலையில் ஏற்றுவது நல்லதல்ல. ஒத்ததிர்வு, பரிவு இரண்டில் எதை எடுத்தாலும் சரி. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

சொல்லின் பொருளை ஐயமின்றிக் காட்டுவது ஒத்ததிர்வுக் குழாய்ச் சோதனை. 60 செ.மீ. நீளமும் 3 செ.மீ. உள்விட்டமும் உள்ள பிவிசி குழாய், அதைவிடச் சற்று அகலமான, 45 செ.மீ.க்குக் குறையாத ஆழமுள்ள நீர்க்கலம், 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை, அளவுகோல். கலத்தின் ஆழம் முக்கியம். ஆய்வுக்கூடத்தில் எளிதில் கிடைக்கும் 250 மி.லி. அளவு உருளையின் உயரம் போதாது. அக்ரிலிக் குழாய் ஒன்றின் அடியை ரப்பர் அடைப்பானால் மூடினால் ஏற்ற கலம் கிடைத்துவிடும்.

பிவிசி குழாயை முடிந்தவரை நீரில் ஆழ்த்துங்கள். இசைக்கவையை ரப்பர்த் திண்டில் தட்டி, குழாய் வாய்க்கு ஒரு செ.மீ. மேலே, ஒரு கிளை மேலும் மற்றது கீழுமாகக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். கிளைகள் குழாயின் நீளவாட்டில் அதிர வேண்டும். இசைக்கவையைச் சுற்றி ஒலி அநேகமாக அற்றுப்போகும் திசைகள் சில உண்டு. அந்தக் கோணத்தில் சாய்த்துப் பிடித்தால் ஒத்ததிர்வு வந்தும் தெரியாது. பிறகு விநாடிக்கு ஒரு செ.மீ. போலக் குழாயை உயர்த்துங்கள், இசைக்கவையும் கூடவே உயரட்டும். ஒலி திடீரென்று பெருகும் இடத்தில் நிறுத்தி, மேலும் கீழும் சிறிது அசைத்து உச்சத்தைப் பிடியுங்கள். நீளத்தை நீர்மட்டத்திலிருந்து குழாய் வாய்வரை நேரடியாக அளக்க வேண்டும். குழாயில் முன்பே குறித்த கோடுகளையும் கலத்தின் விளிம்பையும் வைத்துக் கணக்கிட்டால், குழாய் மேலே வர நீர்மட்டம் இறங்குவது விட்டுப்போகும்.

அறை 30 டிகிரி செல்சியஸ் என்றால் காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர். நம் ஈரக்காற்று இதை ஒன்றிரண்டு மீட்டர் கூட்டும். 512 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 68.2 செ.மீ. அடி நீரால் மூடிய குழாயின் முதல் ஒத்ததிர்வு கால் அலைநீளத்தில், அதாவது 17 செ.மீ.யில் வர வேண்டும். வருவதோ 16.1 செ.மீ. அருகில். குழாய் வாயோடு அதிர்வு நின்றுவிடுவதில்லை. வெளிக்காற்றும் சிறிது தூரம் சேர்ந்து ஆடுகிறது. இதுதான் முனைத் திருத்தம்: ஆரத்தின் 0.6 மடங்கு, இங்கே 0.9 செ.மீ. இரண்டாவது ஒத்ததிர்வு 50.2 செ.மீ. அருகில் கிடைக்கும். இரண்டின் வேறுபாடு 34.1 செ.மீ.; அது அரை அலைநீளம், அதில் முனைத் திருத்தம் தானாகக் கழிந்துவிடுகிறது. வேகம் 2 × 512 × 0.341, அதாவது 349.

இதில் ஒரு பொறி இருக்கிறது. முதல் நிலையை மட்டும் அளந்து 4 × 512 × 0.161 என்று கணக்கிட்டால் 330 வரும். ஒலியின் வேகம் 330 அல்லது 331 என்று மனப்பாடம் செய்தவர்கள் ‘சரியாக வந்துவிட்டது’ என்று மகிழ்ந்து கோடு போட்டு முடித்துவிடுவார்கள். அந்த 331 என்பது 0 டிகிரி காற்றுக்கு உரியது. சிங்கப்பூரில் எந்த ஆய்வுக்கூடத்திலும், குளிர்சாதனம் எவ்வளவு இரைந்தாலும், அந்த எண் வரக் கூடாது. வந்தால் முனைத் திருத்தத்தை விட்டுவிட்டோம் என்றே பொருள்.

வேறு சில கோளாறுகளும் உண்டு. இசைக்கவையை மேசை விளிம்பில் ஓங்கி அடித்தால் அடிப்படை ஒலியோடு அதைப்போல் 6.27 மடங்கு அதிர்வெண்ணுள்ள கூர்மையான ஒலியும் கிளம்பும். 512க்கு அது 3200 ஹெர்ட்ஸ் சொச்சம். குழாய் அதற்கும் ஒத்ததிரும், இரண்டு செ.மீ. நீளத்திலேயே பொய்யான முதல் நிலை கிடைத்துவிடும். இசைக்கவைக்குப் பதில் கைப்பேசிச் செயலியில் ஒலி எழுப்பினால் இடைவிடாத ஒலி கிடைக்கும், நல்லதுதான். ஆனால் கைப்பேசியைக் குழாய் வாயின்மேல் மூடிபோல் வைக்கக் கூடாது, முனைத் திருத்தம் மாறிவிடும். இன்னொரு கைப்பேசியை ஒலிமானியாக வைப்பவர்கள் அதன் தானியங்கி ஒலிச்சமன் வசதியை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் ஒலி பெருகும்போதெல்லாம் அது குறைத்துக் காட்டி உச்சத்தையே தட்டையாக்கிவிடும். 256 ஹெர்ட்ஸ் இசைக்கவை கொடுத்துவிட்டு இரண்டு நிலைகளைக் கேட்பதும் நடக்கிறது. இரண்டாவது நிலைக்கு 101 செ.மீ. காற்று வேண்டும், ஒரு மீட்டர் குழாய்கூடப் போதாது.

குப்பியின் கதை வேறு. 330 மி.லி. கண்ணாடிக் குப்பியின் வாய்க்குக் குறுக்கே ஊதினால், கழுத்தின் அளவைப் பொறுத்து, 180 ஹெர்ட்ஸ் அளவில் ஆழ்ந்த ஒலி எழும். 22 செ.மீ. உயரக் குழாய் என்று எண்ணிக் கணக்கிட்டால் 400 ஹெர்ட்ஸ் வர வேண்டும். குப்பி குழாயைப்போல் நடப்பதில்லை என்பதற்கு இதுவே சான்று. கழுத்திலுள்ள காற்று ஒரே கட்டியாக உள்ளும் வெளியும் ஆடுகிறது; வயிற்றிலுள்ள காற்று அதற்குச் சுருள்வில். இத்தகைய குழிகளை ஆராய்ந்த ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸின் (1821–1894) பெயரால் இதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்வி என்கிறோம். சின்ன முனையைக் காதில் பொருத்திக் கேட்கும் கோளங்களை வைத்து, கலந்த ஒலியிலிருந்து ஒவ்வொரு சுரத்தையும் அவர் பிரித்துக் கேட்டார். குழாயா, குப்பியா என்று பிரித்தறிய வழி எளிது. காற்றின் அளவைப் பாதியாக்குங்கள். குழாயில் அதிர்வெண் இரட்டிக்கும். குப்பியில் பாதி நீர் ஊற்றினால் 1.41 மடங்குதான் ஏறும், 180 ஏறத்தாழ 255 ஆகும். மெல்லிய பிளாஸ்டிக் குப்பி வேண்டாம். சுவர் நெளிந்து ஒலியைத் தின்றுவிடும்.

அதே குப்பியைக் கரண்டியால் தட்டினால் எல்லாம் தலைகீழ். நீர் ஏற ஏற ஒலி தாழும், ஏனென்றால் இப்போது அதிர்வது கண்ணாடி. நீர் அதற்குச் சுமை. ஜலதரங்கக் கிண்ணங்கள் இந்த வகை. ஊதும்போது ஏறுவதும் தட்டும்போது இறங்குவதும் ஏன் என்று கேட்டால், எது அதிர்கிறது என்ற கேள்விக்கு மாணவர் விடை சொல்லியே ஆக வேண்டும்.

இசைக்கவையின் காம்பை மேசையில் ஊன்றும்போது ஒலி பெருகுவதையும் ஒத்ததிர்வு என்று எழுதுகிறார்கள். அது திணிப்பு அதிர்வு. 256, 320, 512 என எதை ஊன்றினாலும் மேசை பெருக்கித் தரும். பரப்பு பெரிதென்பதால் அதிகக் காற்றைத் தள்ளுகிறது, அவ்வளவே. இசைக்கவையை மாற்றிப் பார்த்தால் வேறுபாடு விளங்கிவிடும்.

இந்தச் சொல்லோடு சேர்ந்து வருவது கணு. கரும்புக் கணு, மூங்கில் கணு என்று நாம் அறிந்த சொல்லே நிலை அலையில், அதாவது எதிரெதிராகச் செல்லும் அலைகள் சேர்ந்து ஓரிடத்திலேயே நின்று ஆடும் அலையில், அசைவற்ற புள்ளிக்கும் பெயர். எதை வைத்து அசைவற்றது என்கிறோம் என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும். மூடிய முனையில் காற்று இடம்பெயர்வதில்லை. அது இடப்பெயர்ச்சிக் கணு. அதே இடத்தில்தான் அழுத்தம் மிக அதிகமாக ஏறி இறங்குகிறது. ஆகவே அழுத்த எதிர்க்கணு; எதிர்க்கணு என்றால் ஆட்டம் உச்சமாகும் புள்ளி. இலங்கை வழக்கில் எதிர்க்கணு முரண்கணு ஆகும். குழாய்க்குள் கம்பியில் கட்டிய சிறு மைக்கை நகர்த்தினால் இடப்பெயர்ச்சிக் கணுவில்தான் ஒலி உச்சம் காட்டும், ஏனென்றால் அது உணர்வது அழுத்தத்தை. ஜெர்மன் இயற்பியலாளர் ஆகுஸ்ட் குன்ட் 1866இல் அமைத்த கிடைக்குழாயில், உள்ளே தூவிய தூள் குவிவதும் காற்று அசையாத அந்த இடங்களில்தான். அடுத்தடுத்த இரு குவியல்களுக்கிடையே அரை அலைநீளம். தக்கைத் தூளை இங்கே திறந்த பாத்திரத்தில் வைத்திருந்தால் ஈரம் ஏறிக் கட்டியாகி நகரவே நகராது. பயன்படுத்துமுன் அடுப்பில் மிதமான சூட்டில் உலர்த்திக் குழாயையும் துடைத்துக் காயவிட வேண்டும். அதற்கு மாற்றாக வெண்நுரை மணிகளைப் போட்டால் ஈரச் சிக்கல் தீரும், ஆனால் குளிர்சாதன அறையின் வறண்ட காற்றில் நிலைமின்னேற்றத்தால் அவை குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.