மதர்போர்டுக்குக் காற்று விடுங்கள், தண்ணீர் பாய்ச்சாதீர்கள்

தண்ணீர் கசிந்து கெட்டுப்போன கம்ப்யூட்டர் இந்தக் கோடையில் இது மூன்றாவது. சித்திரைத் திருவிழா முடிந்த மறுவாரம், திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கேபினெட்டைப் பைக்கின் பின்சீட்டில் கட்டிக்கொண்டு என் ரிப்பேர் கடைக்கு வந்தார். கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவர். சைடு பேனலைக் கழற்றியதுமே விஷயம் தெரிந்துவிட்டது. பிராசசருக்கு மேல்பக்கம், அதற்குக் கரண்ட் தருகிற மாஸ்ஃபெட் என்ற சில்லுகள் இருக்கிற இடத்தில் விரல் நீளத்துக்கு ஓர் அலுமினியக் கட்டையைப் பசை போட்டு ஒட்டி, இரண்டு டியூப் சொருகியிருந்தார்கள். கிளாம்ப் போடவில்லை. ஒரு டியூப் நழுவி, தண்ணீர் பிராசசர் சாக்கெட் ஓரமாக வழிந்து, வீடியோக்கள் இருந்த எம்.2 எஸ்.எஸ்.டி.யை நனைத்து, கிராபிக்ஸ் கார்டின் முதுகில் தேங்கியிருந்தது. மூன்று நாள் அப்படியே விட்டிருக்கிறார்கள். செம்பு தெரிந்த இடமெல்லாம் பச்சை பூத்திருந்தது.

"அண்ணே, போர்டு போனாப் போகுது. உள்ள ரெண்டு வீட்டுக் கல்யாணம் இருக்குண்ணே" என்றார். கேமராவின் மெமரி கார்டுகளை அடுத்த விசேஷத்துக்காக ஃபார்மட் அடித்துவிட்டாராம். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஏன் இதைப் போட்டீர்கள் என்று கேட்டேன். ரெண்டர் போட்டால், அதாவது எடிட் பண்ணியதை முழு வீடியோவாக மாற்ற விட்டால், முதல் பத்து நிமிடம் பறக்குமாம், அப்புறம் ஆமை வேகமாம். பிராசசர் சூடு 60 டிகிரிதான் காட்டுமாம், ஆனால் வேகம் 800 மெகாஹெர்ட்ஸில் நிற்குமாம். யாரோ பார்த்துவிட்டு, "வி.ஆர்.எம். சூடாகுது, அதுக்கும் வாட்டர் கூலிங் போட்டுரு" என்று சொல்லியிருக்கிறார்கள். நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். மருந்துதான் தப்பு. முன்னால் வந்த இரண்டு பேருக்கும் இதே கதைதான்.

வி.ஆர்.எம். என்பது எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை) தருகிற 12 வோல்ட்டைப் பிராசசருக்கு வேண்டிய ஏறத்தாழ 1.2 வோல்ட்டுக்கு இறக்கித் தரும் பகுதி. மாஸ்ஃபெட், சோக் என்கிற கம்பிச்சுருள், கெப்பாசிட்டர் மூன்றும் சேர்ந்த கூட்டம். இந்தத் தம்பியிடம் இருந்தது ஐ7-12700. டப்பாவில் 65 வாட் என்று போட்டிருக்கும். ஆனால் டர்போவில் 180 வாட் வரை இழுக்க இன்டெல் அனுமதித்திருக்கிறது. பல போர்டுகள் அந்த 180-ஐ நேர வரம்பே இல்லாமல் திறந்து விட்டுவிடுகின்றன. 180 வாட்டை 1.2 வோல்ட்டில் கொடுக்க வேண்டுமென்றால் 150 ஆம்பியர். வெல்டிங் பட்டறையில் ஓடுகிற கரண்ட் அது. பத்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று வைத்தால்கூட 20 வாட் சூடு அந்தச் சின்னச் சில்லுகளில் இறங்கும். நான் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன் 25 வாட். அவர் வைத்திருந்ததோ விலை குறைந்த எச்610 போர்டு, மாஸ்ஃபெட் மேல் சூட்டை வாங்கிக் காற்றில் விடுகிற உலோகக் கட்டையான ஹீட்சிங்க்கே கிடையாது. போர்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பிராசசரின் வேகத்தைப் பிடித்து இறக்கிவிடுகிறது. பிராசசர் 60-இல் இருந்துகொண்டே மெஷின் படுப்பது இதனால்தான்.

இதில் யாரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அவர் முதலில் கம்பெனிக் கூலர்தான் வைத்திருந்தார். அந்த வட்டமான கூலர் காற்றைக் கீழ்நோக்கி ஊதும். பிராசசரில் பட்ட காற்று நாலாபுறமும் போர்டின் மேல் பரவி மாஸ்ஃபெட்டையும் தடவிக்கொண்டு போகும். அதைக் கழற்றிவிட்டு 240 மி.மீ. ஏ.ஐ.ஓ. போட்டார், அதாவது பம்ப், டியூப், ரேடியேட்டர் எல்லாம் ஒன்றாகவே மூடி வருகிற வாட்டர் கூலர். பிராசசரின் சூடு டியூப் வழியாகக் கேபினெட்டின் முகப்புக்குப் போய்விட்டது. சாக்கெட்டின் மேல் இப்போது இருப்பது பம்ப் மட்டும். அங்கே காற்றே இல்லை. பிராசசர் குளிர்ந்த அன்றைக்கே வி.ஆர்.எம். புழுங்க ஆரம்பித்துவிட்டது. ஏ.ஐ.ஓ. தயாரிக்கிறவர்களுக்கு இது தெரியும். ஆர்க்டிக்கின் லிக்விட் ஃப்ரீசர் 2 வரிசையில் பம்ப் மேலேயே ஒரு 40 மி.மீ. ஃபேன் வைத்தது வி.ஆர்.எம்.முக்குக் காற்று போகத்தான்.

இப்போது நான் நிதானமாகச் சொல்ல வேண்டிய இடம். கடைக்கு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் கேட்பது இதுதான்: "தண்ணி உள்ள சுத்துதுல்லண்ணே, அப்புறம் எப்படிச் சூடாகும்?"

தண்ணீர் என்றதும் மண்பானை ஞாபகம் வருகிறது. கத்திரி வெயிலில் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது, அதுபோல மெஷினுக்குள் தண்ணீர் ஓடினால் ஜில்லென்று ஆகும் என்று நினைக்கிறார்கள். பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் உடம்பில் உள்ள நுண்துளை வழியாகத் தண்ணீர் கசிந்து ஆவியாகிறது. ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. வீட்டு ஏர் கூலரில் நனைந்த மெத்தை வழியாகக் காற்று வந்து குளிர்வதும் அப்படியே. அதனால்தான் இரண்டிலும் தண்ணீர் குறைந்துகொண்டே வரும், ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் வாட்டர் கூலிங் மூடிய சுற்று. அதில் ஒரு சொட்டும் ஆவியாகிக் குளிர்விப்பதில்லை. சூட்டை இங்கே ஏற்றி, ரேடியேட்டரில் கொண்டுபோய் இறக்குகிற சுமைதூக்கி வேலைதான் தண்ணீருடையது. இறக்கிய சூட்டை வாங்கிக்கொள்வது உங்கள் அறையின் காற்று. மே மாதம், ஏ.சி. இல்லாத மாடி அறை, 37 டிகிரி என்று வையுங்கள். அந்த ரேடியேட்டரிலிருந்து திரும்புகிற தண்ணீர் 37-க்குக் கீழே ஒருநாளும் வராது. பிராசசரின் 180 வாட்டையும் அதே தண்ணீர் சுமந்தால் 45 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். "தண்ணி தொட்டா சுடுதேண்ணே" என்று ஒருவர் பயந்து போன் போட்டார். சுடத்தான் செய்யும். அது அதன் வேலையைச் செய்கிறது.

ஆக, கடைசியில் குளிர்விப்பது காற்றுதான். 20 வாட் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்க நடுவில் பம்ப், டியூப், ரேடியேட்டர் எதற்கு? நல்ல ஹீட்சிங்க் ஒன்றும் அதன் மேல் மெதுவாக ஓடும் ஃபேன் ஒன்றும் இருந்தால் முடிந்துபோகும் வேலை.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்த அலுமினியக் கட்டை தொடுவது மாஸ்ஃபெட்டை மட்டும். பக்கத்தில் நிற்கிற கெப்பாசிட்டரை யார் பார்ப்பது? என் மேசைக்கு வயசாகி வருகிற போர்டுகளில் கெப்பாசிட்டர் தளர்ந்துபோனவை நிறைய. எலெக்ட்ரோலிட்டிக் வகைக்கு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு. இப்போதைய சாலிட் வகைக்கு 20 டிகிரி குறைந்தால் பத்து மடங்கு என்பார்கள். ஃபேன் காற்று மாஸ்ஃபெட், சோக், கெப்பாசிட்டர், ரேம் எல்லாவற்றின் மேலும் படும். தண்ணீர்க் கட்டைக்கு அந்தக் கருணை கிடையாது.

மாஸ்ஃபெட் 90 டிகிரி காட்டுகிறது என்று தூக்கம் கெட்டு வருகிறவர்களும் உண்டு. அந்தச் சில்லுகள் 125 முதல் 150 டிகிரி வரை தாங்குவதற்கென்று செய்யப்பட்டவை. முழு வேலையில் 90 என்பது பயப்படுகிற எண் இல்லை. அதை 60-க்கு இறக்கினால் மெஷின் வேகம் கூடுமா? கூடாது. வேகத்தைப் பிடித்து இறக்குகிற அளவுக்குச் சூடு ஏறாதவரை, வி.ஆர்.எம். 90-இல் இருந்தாலும் 60-இல் இருந்தாலும் ரெண்டர் ஒரே நேரத்தில்தான் முடியும். 105 ஆம்பியர் தாங்குகிற பவர் ஸ்டேஜ் (மாஸ்ஃபெட்டுகளை ஒன்றாக அடக்கிய சில்லு) பதினாறு, பதினெட்டு வைத்த விலையுயர்ந்த போர்டு வாங்கியவர்கள்தான் பெரும்பாலும் இதற்குத் தண்ணீர் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஃபேன்கூடத் தேவைப்படாது.

யாருக்குமே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2017-இல் இன்டெல் பெரிய பிராசசர்களுக்கான எக்ஸ்299 போர்டுகள் வந்தபோது, அலங்காரத்துக்கு வைத்த மொழுமொழு ஹீட்சிங்க் போதாமல் ஓவர்கிளாக் செய்தவர்களின், அதாவது பிராசசரை விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டியவர்களின், வி.ஆர்.எம். கொதித்தது. அப்போது பிராசசரையும் வி.ஆர்.எம்.மையும் சேர்த்து மூடுகிற மோனோபிளாக் வாங்கிப் போட்டவர்கள் செய்தது நியாயம். த்ரெட்ரிப்பர் போன்ற பெரிய பிராசசரை நாள் முழுக்க முழு வேகத்தில் ஓட்டுகிறவர், ஏற்கெனவே கஸ்டம் லூப் (தனித்தனிப் பாகம் வாங்கித் தானே கோத்த வாட்டர் கூலிங் சுற்று) வைத்திருக்கிறவர், அதே போர்டுக்கென்று அளவெடுத்துச் செய்த மோனோபிளாக் கிடைத்தால் போடட்டும். ஆனால் போர்டு கம்பெனிகள் அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் சிறகு சிறகாக வெட்டிய ஹீட்சிங்க்கையும், சிலவற்றில் குட்டி ஃபேனையும்தான் வைத்தார்கள்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் பார்க்க வேண்டியது போர்டின் அடிப்படை செட்டிங் இருக்கிற பயாஸ். அந்த 180 வாட்டை 125-க்கு இறக்குங்கள். கரண்ட் 150 ஆம்பியரிலிருந்து 105 பக்கம் வரும். மாஸ்ஃபெட்டின் கடத்தல் இழப்பு கரண்டின் வர்க்கத்தில் போகும் என்பதால் அந்தச் சூடு ஏறத்தாழ பாதியாகிவிடும். ரெண்டர் கொஞ்சம் நேரம் கூட எடுக்கும், அவ்வளவுதான். பத்து நிமிடத்துக்கு அப்புறம் 800 மெகாஹெர்ட்ஸில் தவழ்வதைவிட இது எவ்வளவோ மேல். அடுத்து, ஒரு 120 மி.மீ. ஃபேனைப் பின்பக்கமோ மேல்பக்கமோ வி.ஆர்.எம். ஓரமாகக் காற்று போகும்படி வையுங்கள். ஏ.ஐ.ஓ. ரேடியேட்டரை மேலே மாட்ட இடம் இருந்தால் அங்கே மாட்டுங்கள், அதன் ஃபேன்கள் அந்த மூலையிலிருந்தே காற்றை இழுக்கும். ஹீட்சிங்க் இல்லாத போர்டில் ஏ.ஐ.ஓ.வே வேண்டாம், கீழ்நோக்கி ஊதுகிற கூலர் போதும்.

ஹீட்சிங்க்கைக் கழற்றினால், சில்லுக்கும் அதற்கும் நடுவே இருக்கிற மெத்தென்ற தெர்மல் பேடின் கனத்தை அளந்து, அதே கனத்தில் மாற்றுங்கள். 1 மி.மீ. இருந்த இடத்தில் அரை மி.மீ. வைத்தால் தொடாது, ஒன்றரை வைத்தால் போர்டு வளையும். பேடின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டி அனுப்பிய மெஷின்களை நான் கையால் பிரித்திருக்கிறேன். ஐயா, அந்தத் தாளை உரியுங்கள். தூசியையும் தட்டுங்கள். செல்லூரில் தறி ஓடுகிற வீடுகளிலிருந்து வரும் மெஷின்களில் சிறகுக்கு நடுவே பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருக்கும்.

பிராசசர் பவர் கனெக்டரில் எட்டு பின்னும் சொருகுங்கள். நாலு பின் போதும் என்று விட்டால் 180 வாட்டில் ஒரு பின்னுக்கு எட்டு ஆம்பியர் போகும். கருகிப்போன கனெக்டர்களை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், வந்தால் காட்டுகிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் லூப் போட்டே தீருவேன் என்கிறவர்களுக்கு: அலுமினியத்தையும் செம்பையும் ஒரே லூப்பில் கலக்காதீர்கள், ஒன்றை ஒன்று தின்னும். கேன் தண்ணீர் சுத்தமான தண்ணீர்தானே என்று ஊற்றாதீர்கள். குடிக்க நல்லதுதான், அதிலும் உப்பு இருக்கிறது. போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், நம்மூர் குழாய் முனையைப் பார்த்தாலே தெரியும். லூப்புக்கென்று விற்கும் கூலன்ட்தான் ஊற்ற வேண்டும். டியூப் சொருகிய இடமெல்லாம் கிளாம்ப் போட்டு, மெஷினுக்குக் கரண்ட் கொடுக்காமல் பம்பை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓட்டி, டிஷ்யூ காகிதம் வைத்துப் பாருங்கள்.

கசிந்தால் சுவரில் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. நம் வீடுகளில் யு.பி.எஸ். இருக்கிறது, அது தொடர்ந்து கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வயரையே பின்னாலிருந்து பிடுங்குங்கள். காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஆன் பண்ணாதீர்கள். இந்தத் தம்பி இரண்டு தடவை ஆன் பண்ணிப் பார்த்திருக்கிறார். கிராபிக்ஸ் கார்டு போனது அதில்தான்.

போர்டு தேறவில்லை. எஸ்.எஸ்.டி.யை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் இரண்டு தடவை கழுவி, மென்மையான பிரஷ்ஷால் பச்சையைத் தேய்த்தெடுத்து, ஒரு ராத்திரி முழுக்க உலரவிட்டேன். மறுநாள் காலை எக்ஸ்டர்னல் கேஸில் சொருகியபோது முதல் தடவை எதுவும் வரவில்லை. கழற்றி, கனெக்டரின் தங்கப் பற்களை மறுபடி துடைத்துச் சொருகினேன். டிரைவ் தெரிந்தது. தம்பி என் தோளுக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நின்றிருந்தார். முதல் ஃபோல்டரைத் திறந்தோம். தாலி கட்டுகிற ஷாட், நாதஸ்வரச் சத்தத்தோடு முழுசாக ஓடியது. இரண்டாவது கல்யாணத்தில் நாலு கிளிப் மட்டும் வரவில்லை. மீதியை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி போட்டுக் கையில் கொடுத்தேன்.