ஆய்வில் எழுத்துத் திருட்டு: புகார் யாரிடம், விசாரிப்பது யார்?

ஆய்வேட்டிலோ ஆய்வுக் கட்டுரையிலோ ஒருவர் அடுத்தவர் எழுத்தை எடுத்துத் தன்னுடையதாகக் காட்டியிருந்தால் என்ன செய்வது? இதற்காகப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018 ஜூலையில் தனி விதிமுறை கொண்டுவந்தது. உயர்கல்வி நிறுவனங்களின் மாணவர், ஆசிரியர், ஆய்வாளர், ஊழியர் எல்லோரும் இதற்குள் அடக்கம்.

புகார் முதலில் துறை அளவிலான குழுவுக்குப் போகும். அதில் மூன்று பேர்: தலைவராகத் துறைத் தலைவர், வேறு துறையிலிருந்து மூத்த பேராசிரியர் ஒருவர், திருட்டைக் கண்டறியும் மென்பொருளில் தேர்ந்தவர் ஒருவர். இவர்கள் 45 நாளுக்குள் விசாரித்து, நிறுவன அளவிலான குழுவுக்கு அறிக்கை தர வேண்டும். அந்தக் குழுவில் நான்கு பேர். ஒருவராவது வெளி நிறுவனத்தவராக இருக்க வேண்டும். அவர்களுக்கும் 45 நாள் கெடு. இறுதிப் பரிந்துரை நிறுவனத் தலைவரின் மேசைக்குப் போகும். குழு உறுப்பினர் மீதே புகார் என்றால் அவர் விலகி நிற்க வேண்டும். துறைத் தலைவர் மீது என்றால் நிறுவனக் குழு பார்க்கும். துணைவேந்தர் மீது என்றால் அவருக்கு மேலுள்ள அதிகாரம் பார்க்கும்.

ஆதாரத்தோடு புகார் தரும்படி விதிமுறையே சொல்கிறது. ‘காப்பி அடித்திருக்கிறார்’ என்ற ஒற்றை வரி நிற்காது. ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் மூல நூலின் பத்தி, பக்க எண், ஆண்டு. வலப்பக்கம் புகாருக்குள்ளான பத்தி, அதன் பக்க எண் என்று வரிசையாக எழுதுங்கள். குழுவில் இருப்பவருக்குத் தேடும் வேலை எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்குத் தட்டிக் கழிக்கும் வாய்ப்பும் குறையும்.

தண்டனை ஒப்புமைச் சதவீதத்தை, அதாவது எழுத்தில் எவ்வளவு பங்கு பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிறது என்பதைப் பொறுத்தது. 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால், மாணவர் ஆறு மாதத்துக்குள் ஆய்வேட்டைத் திருத்தித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால், ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைக்கூடத் தர முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆசிரியரின் கட்டுரை என்றால் மூன்று நிலையிலும் அதைத் திரும்பப் பெற வேண்டும். நடு நிலையில் ஓர் ஆண்டு ஊதிய உயர்வும் போகும், இரண்டு ஆண்டுக்குப் புது மாணவர்களுக்கு நெறியாளராக இருக்க முடியாது. உச்ச நிலையில் இரண்டு ஊதிய உயர்வு, மூன்று ஆண்டு. பட்டம் வாங்கிய பிறகு திருட்டு நிரூபணமானால் அந்தப் பட்டம் நிறுத்திவைக்கப்படும். எதுவானாலும் குற்றம் ஐயமற உறுதியாகி, எதிர்த்தரப்புக்குத் தற்காத்துக்கொள்ளப் போதிய வாய்ப்புத் தந்து, மேல்முறையீடுகளும் முடிந்த பிறகே தண்டனை.

‘பத்து சதவீதம் வரை எடுக்கலாமாம்’ என்று ஆய்வு மாணவர்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்வதைக் கேட்கலாம். விதிமுறை அப்படிச் சொல்லவில்லை. கருதுகோள், கண்டறிதல்கள், முடிவுகள், பரிந்துரைகள் போன்ற மையப் பகுதிகளில் ஒப்புமையே கூடாது. பொது அறிவாகவோ தற்செயலாகவோ வரும் 14 தொடர்சொற்கள் வரைதான் விலக்கு.

என் பார்வையில் இந்த விதிமுறையின் பெரிய ஓட்டை அளவுகோலில் இருக்கிறது. அடுத்தவரின் கருத்தை எடுப்பதும் திருட்டு என்கிறது வரையறை. தண்டனையோ மென்பொருள் எண்ணும் சொற்களைப் பொறுத்து அமைகிறது. ஆங்கிலக் கட்டுரை ஒன்றை அப்படியே தமிழாக்கி ஆய்வேட்டில் சேர்த்தவருக்கு ஒப்புமை இரண்டு மூன்று சதவீதம்கூட வரலாம். இணையத்தில் ஏறாத பழைய அச்சு நூலிலிருந்து எடுத்தவர் கதையும் அதுதான். ஆய்வகத்தில் எடுக்காத அளவீட்டை எடுத்ததாக எழுதுபவருக்கோ இந்தச் சதவீதப் பட்டியலில் இடமே இல்லை.

இன்னொன்று, விசாரிப்பவர்களை யார் கண்காணிப்பது? அமெரிக்காவிலும் முதல் விசாரணை பல்கலைக்கழகத்துடையதே. ஆனால் ஆய்வுக்கான பணம் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையிலிருந்து வந்திருந்தால், விசாரணை அறிக்கையும் சான்றுகளும் ஆய்வு நேர்மை அலுவலகம் என்ற அரசு அமைப்புக்குப் போக வேண்டும். விசாரணை ஒழுங்காக நடந்ததா என்று அது பார்க்கும். குறை இருந்தால் மேலும் தகவல் கேட்கும். குற்றம் உறுதியானால் பெயரோடு வெளியிடும். இங்கே அப்படி ஒரு தேசிய அமைப்பு இல்லை. கோப்பு நிறுவனத்துக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடிகிறது.

ஆகவே கெடுவைப் புகார்தாரரே எண்ண வேண்டியிருக்கிறது. புகாரை நேரில் கொடுத்தால் நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள், இல்லையென்றால் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். 45 நாள் கடந்தும் அசைவு இல்லையென்றால், அரசுப் பல்கலைக்கழகமாக இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். ‘ஏன் நடவடிக்கை இல்லை?’ என்று கேட்காதீர்கள், அதற்கு மழுப்பலான பதில்தான் வரும். அறிக்கையின் உள்ளடக்கத்தைக் கேட்டால் தனிநபர் தகவல் என்று மறுக்கவும் இடமுண்டு. புகார் பதிவான தேதி, இரு குழுக்களின் உறுப்பினர் பட்டியல், குழு கூடிய தேதிகள், அறிக்கை நிறுவனத் தலைவருக்குப் போன தேதி ஆகியவற்றை மட்டும் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.