மாலை போட்ட மூன்றாம் நாள்

கார்த்திகை முதல் தேதி மாலை போடுகிறார்கள், மூன்றாம் நாள் எங்கள் ஆஸ்பத்திரி வார்டுக்கு வருகிறார்கள். பாபநாசம், வலங்கைமான், நீடாமங்கலம் பக்கமெல்லாம் வருடாவருடம் இதே கதைதான். பல வருடம் தினமும் குவார்ட்டர், ஆஃப் என்று போட்டவர் ஒரே காலையில் அடியோடு நிறுத்தியிருப்பார். இந்த வாரமும் ஒருவர், வலிப்பு வந்து விழுந்து, நெற்றியில் தையலோடு.

கூட வருகிறவர்கள் கேட்பதும் மாறுவதில்லை. "குடிச்சிட்டிருந்தப்போ நல்லாத்தானே இருந்தாரு டாக்டர், விட்டப்புறம் எப்படி வரும்?"

விட்டதால்தான் வந்தது. எத்தனை முறை சொன்னாலும் நம்புவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மூளையில் நரம்பு செல்களை அடக்கி வைக்கும் வேதிப்பொருள் காபா, தூண்டிவிடுவது குளுட்டமேட். மது காபாவின் வேலையைக் கூட்டும், குளுட்டமேட்டின் வேலையைக் குறைக்கும். தள்ளாட்டம், மயக்கம் எல்லாம் அதனால்தான். தினமும் இப்படி அமுக்கினால் மூளை சும்மா இருக்குமா? காபாவை வாங்கும் ஏற்பிகள் மந்தமாகும், குளுட்டமேட்டை வாங்குபவை பெருகும். பாரம் கூடக்கூட மாடு முக்கி இழுக்கிறதில்லையா, அந்த மாதிரி. பாரத்தை நடுவழியில் மொத்தமாக இறக்கினால் வண்டி தெறித்து ஓடும்.

சில மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. வலிப்பு பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு மனக்குழப்பம் வரும்: இல்லாத பூச்சி ஊரும், யாரோ கூப்பிடுவார்கள். விவசாயி ஒருவர் கட்டில் விரிப்பைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கி, உதறி, முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நாற்றுப் பறிக்கிறாராம். லாரி டிரைவர் என்றால் படுத்தபடியே ஸ்டியரிங் திருப்புவார். இதைப் பார்த்ததும் 'காத்து கருப்பு' என்று குணசீலம் கோயிலுக்குக் கார் பிடிக்கிறார்கள். அப்புறம் தாராளமாகப் போங்கள். முதலில் ஆஸ்பத்திரி, ஏனென்றால் இந்த நிலையைக் கவனிக்காமல் விட்டால் உயிர் போகும்.

டோபமைன் பற்றி ரீல்ஸ் பார்த்துவிட்டு வரும் தம்பிகளுக்கு: மூளையில் சுரக்கும் அந்த வேதிப்பொருள் சந்தோஷ மருந்து இல்லை, 'மறுபடி வேணும்' என்று இழுப்பது. மாலை கழற்றிய கையோடு டாஸ்மாக் பக்கம் கால் போவது அதனால்தான். மன உறுதி இல்லை என்று திட்டி ஒன்றும் ஆகாது. அந்த இழுப்பைக் குறைக்கவும் மருந்து இருக்கிறது.

(கிளினிக் வைத்திருக்கும் நண்பர்களே, குடிநோயாளிக்கு வெறும் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பாதீர்கள். தயமின், அதாவது வைட்டமின் பி1 ஊசியை முதலில் போடுங்கள்.)

மாலை போட வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐப்பசி கடைசியிலேயே வந்து பாருங்கள். மதுவுக்குப் பதிலாக மூளையை அமைதிப்படுத்தும் டயசெபம் வகை மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்துக் கொடுத்து, ஒரு வாரம் பத்து நாளில் அதையும் நிறுத்திவிடலாம். வந்து பார்க்கும்வரை 'இன்றோடு நிறுத்து' என்று சத்தியம் வாங்காதீர்கள். அந்த மாத்திரையை நீங்களாக மெடிக்கலில் வாங்கவும் கூடாது. முன்பு வலிப்பு வந்தவர் வீட்டில் வைத்துக் குடியை நிறுத்தவே கூடாது. யாரைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள், இலவசம்தான். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். கையில் இரும்பும் வேண்டாம், வாயில் தண்ணீரும் வேண்டாம்.

அப்புறம், தாய்மார்களே, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனாலும் குடியை நிறுத்தும் மாத்திரை என்று யாரோ கொடுத்ததைச் சாம்பாரில் கலந்துவிடாதீர்கள். அதில் டைசல்பிரம் இருந்து, விஷயம் தெரியாமல் அவர் குடித்தால், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அது அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, டாக்டர் கொடுக்க வேண்டிய மருந்து.