மரம் வைத்தாயிற்றே, மண் ஏன் போகிறது?

"சரிவு முழுக்க சில்வர் ஓக் வைத்திருக்கிறோம், அப்படியும் மண் போய்விட்டது" என்கிற புகார் நீலகிரியில் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னும் வருகிறது. போய்ப் பார்த்தால், மரத்தடியைக் கொத்தி, சருகையும் வாரி, தரையைத் துடைத்து வைத்திருப்பார்கள். பிறகு எப்படி நிற்கும்?

மேல்மண்ணைப் பின்னிப் பிடிப்பது 2 மி.மீ.க்கும் மெல்லிய சல்லிவேர்கள்தான். தடித்த வேர் ஆழத்தில் ஊன்றும்; மேலே ஓடும் தண்ணீரை அது தடுக்காது. சல்லிவேர் நிறைந்த புல்லைத்தான் நீங்கள் களை என்று பிடுங்கி எறிகிறீர்கள். அதோடு போகவில்லை: இலைகளில் மழைநீர் திரண்டு பெருந்துளியாகிறது. ஏழெட்டு மீட்டர் உயரத்திலிருந்து வெறுந்தரையில் விழும்போது அதன் வேகமும் வானிலிருந்து நேரே விழும் மழைத்துளியின் வேகத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். அடியில் புல்லோ சருகோ இல்லாத தோப்பில் அரிப்பு கூடவே செய்யலாம்.

ஐப்பசி மழைக்கு முன் மண்வெட்டியைத் தொடாதீர்கள். புல்லை அரிவாளால் நான்கு விரல் உயரம் விட்டு அறுத்து, அறுத்ததை அங்கேயே போடுங்கள். களைக்கொல்லி வேண்டவே வேண்டாம், வேரையும் கொன்றுவிடும்.

மண்ணைப் பிடிக்கச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக நடும் புல் வெட்டிவேர். அதை நட்டும் பயனில்லை என்பவர்களின் வரிசையைப் பாருங்கள், ஒன்றரை அடிக்கு ஒன்று நிற்கும். அந்த இடைவெளிகளில் தண்ணீர் குவிந்து பாய்ந்து ஓடை வெட்டிவிடும். நடவேண்டியது 10 முதல் 15 செ.மீ.க்கு ஒன்று, தலா 2, 3 தூர்கள் (வேரோடு பிரித்த தண்டுகள்). இலையை 20 செ.மீ., வேரை 5 செ.மீ. விட்டு நறுக்கி நடுங்கள். வரிசை சமமட்டத்தில் போகவேண்டும்; கண்ணளவு போதாது, கொத்தனாரின் டியூப் மட்டத்தை (தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்துக் குறியுங்கள். காய்ந்த இடங்களை முதல் பருவத்திலேயே நிரப்பவும். அடர் நிழலில் வளராது, உறைபனி விழும் இடத்தில் மெல்லத்தான் பிடிக்கும். தயவுசெய்து வேரை விற்கத் தோண்டாதீர்கள். கடலூர் மணலில் வேருக்காகவே பயிரிடுகிறார்கள், அது வேறு வேலை.

வீட்டு மனைக்காக ஜேசிபி வைத்துச் சரிவைச் செங்குத்தாக வெட்டிவிட்டு, மேலே புல் நட்டால் போதுமா என்று கேட்பவர்களுக்கு: போதாது. வேர் எட்டும் ஆழத்துக்குக் கீழே வழுக்கும் சரிவை எந்தச் செடியும் தாங்காது. நீர் வடியத் துளை விட்ட தடுப்புச் சுவர் வேண்டும், அதையும் பொறியாளர் பார்த்துச் சொல்லவேண்டும்.

மரத்தை வெட்டிய வருடம் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அடிவேர் மட்கிய பிறகு, சில வருடங்கள் கழித்துத்தான் மண் சரியும். அதனால் அடிக்கட்டையைப் பெயர்க்காமல் விட்டு, அடுத்த கன்றையும் புல்லையும் வெட்டிய வருட மழைக்கே பக்கத்தில் வைத்துவிடுங்கள்.