இரண்டாவது கன்ட்ரோல்-சி

கன்ட்ரோல்-சி அழுத்தினால் பொட்டென்று நின்றுவிடாமல், ஏதோ ஒரு வேலையைச் செய்துவிட்டுத் தொடர்ந்து ஓடும் ஒரு சின்ன நிரல். சி மொழியில் இதற்கு ஒரு வரி போதும். 'சிக்னல்' என்ற ஃபங்ஷனை அழைத்து, சிக்இன்ட் (கன்ட்ரோல்-சி அழுத்தும்போது நிரலுக்கு வரும் சிக்னல், அதாவது அறிவிப்பு) வந்தால் இந்த ஹேண்ட்லரை (அப்போது ஓட வேண்டிய ஃபங்ஷனை) ஓட்டு என்று சொல்லிவைக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு கணினியில் எத்தனை முறை அழுத்தினாலும் நிரல் அசராது. அதே நிரலை வேறொரு யுனிக்ஸில் ஓட்டினால் முதல் முறை தாங்கும், இரண்டாவது முறை செத்துப்போகும். இரண்டில் எது தரநிலையை மீறியது என்று கேட்டால், எதுவுமே மீறவில்லை.

ஆரம்பகால யுனிக்ஸில் சிக்னல் வந்ததும் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) முதலில் நம் ஏற்பாட்டை அழித்துவிட்டு, அப்புறம்தான் ஹேண்ட்லரைக் கூப்பிடும். அதனால் ஹேண்ட்லரின் முதல் வேலையே தன்னைத் திரும்பப் பதிந்துகொள்வதுதான். அழிப்பதற்கும் திரும்பப் பதிவதற்கும் நடுவே மிகச் சிறிய ஓர் இடைவெளி இருக்கிறது. அடுத்த சிக்னல் சரியாக அந்த நேரத்தில் வந்தால் நிரல் காலி. ஆயிரத்தில் ஒரு முறை வரும் இந்த மாதிரிப் பிழையைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. ஏடி&டியின் யுனிக்ஸான சிஸ்டம் ஃபைவ் இந்த வழக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டது. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யுனிக்ஸாக 1983-இல் வந்த 4.2 பிஎஸ்டி மாற்றியது: ஹேண்ட்லர் பதிந்தது பதிந்தபடியே இருக்கும், அது ஓடி முடியும்வரை அதே சிக்னல் வாசலில் காத்திருக்கும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. விசைப்பலகையிலிருந்து எழுத்து வரும் என்று 'ரீட்' என்ற அழைப்பு காத்திருக்கும்போது சிக்னல் வந்தால் என்ன ஆகும்? பழைய வழியில் ரீட் பாதியில் திரும்பி, 'ஈஇன்டர்' என்ற பிழை எண்ணைக் கையில் கொடுக்கும். பிஎஸ்டியில் கர்னலே அந்த அழைப்பை மீண்டும் தொடங்கிவிடும்.

1989-இல் சி மொழிக்கான தரநிலை வந்தபோது இரண்டு வழக்கங்களும் வேரூன்றியிருந்தன. எனவே ஹேண்ட்லரை அழிப்பதா, சிக்னலைத் தடுத்து வைப்பதா என்பதை அந்தந்தக் கணினியின் விருப்பத்துக்கே தரநிலை விட்டுவிட்டது. இது எனக்குக் கொஞ்சம் கைகழுவிய மாதிரிதான் தெரிகிறது. ஆனால் ஒன்றைத் தேர்ந்திருந்தால் பாதி உலகின் நிரல்கள் உடைந்திருக்கும்.

யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலை 1988-இலேயே இதற்கு வழி சொல்லியிருந்தது. அதன் 'சிக்ஆக்‌ஷன்' ஃபங்ஷனில் எதையும் ஊகத்துக்கு விடத் தேவையில்லை. ஹேண்ட்லர் ஓடும்போது எந்தெந்தச் சிக்னல்களைத் தடுக்க வேண்டும் என்று பட்டியல் கொடுக்கலாம். பின்னாளில் கொடிகளும் (ஃப்ளாக்) சேர்ந்தன: ஒரு முறை ஓடியதும் பதிவு அழிய வேண்டுமானால் அதற்கு ஒரு கொடி, தடைபட்ட அழைப்பை மீண்டும் தொடங்க 'எஸ்ஏ_ரீஸ்டார்ட்' என்று இன்னொரு கொடி. இந்த ரீஸ்டார்ட்டை முழுதாக நம்பிவிடவும் கூடாது: லினக்ஸில், பல இடங்களிலிருந்து உள்ளீடு வருமா என்று காத்திருக்கும் 'போல்', 'செலக்ட்' போன்ற அழைப்புகள் இந்தக் கொடி இருந்தாலும் ஈஇன்டரோடுதான் திரும்பும்.

சரி, லினக்ஸில் வெறும் 'சிக்னல்' எந்தப் பக்கம்? கர்னலில் அந்தப் பெயரில் இருக்கும் சிஸ்டம் கால் (கர்னலிடம் நேரடியாக வேலை கேட்கும் அழைப்பு) சிஸ்டம் ஃபைவ் வழியைப் பின்பற்றுகிறது. ஆனால் லினக்ஸில் சி நிரல்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஜிலிப்சி நூலகத்தின் 'சிக்னல்' அதைத் தொடுவதே இல்லை. உள்ளே சிக்ஆக்‌ஷனை அழைத்து பிஎஸ்டி போல நடந்துகொள்கிறது. அதனால் சாதாரணமாகக் கம்பைல் செய்த நிரல் எத்தனை கன்ட்ரோல்-சி வந்தாலும் தாங்கும். அதே நிரலை, 'சி99 தரநிலையைக் கண்டிப்பாகப் பின்பற்று' என்ற விருப்பத்தோடு ஜிசிசி கம்பைலரில் கம்பைல் செய்து பாருங்கள். அப்போது ஜிலிப்சியின் தலைப்புக் கோப்பு பிஎஸ்டி வசதிகளை ஒதுக்கிவிட்டு, 'சிக்னல்' என்ற பெயரைச் சத்தமில்லாமல் சிஸ்டம் ஃபைவ் வடிவத்துக்குத் திருப்பிவிடும். ஒரு எச்சரிக்கை வரிகூட வராது. நிரலில் ஒரு எழுத்தும் மாறியிருக்காது. இரண்டாவது கன்ட்ரோல்-சியில் செத்துப்போகும்.