வயலுக்குள் வரும் உயர்மின் கோபுரம்: நில உரிமையாளருக்கு உரிய இழப்பீடு எவ்வளவு, அது எப்படிக் கணக்கிடப்படுகிறது?

உயர் அழுத்த மின்தடம் ஒன்று ஒருவருடைய வயலைக் கடந்து செல்லும்போது அந்த நிலம் கையகப்படுத்தப்படுவதில்லை. கோபுரம் எழுந்த பிறகும் பட்டா அவர் பெயரிலேயே இருக்கும், நிலவரியும் அவரே கட்டுவார், பயிரும் அவரே செய்வார். ஆனால் கம்பிகளின் கீழே வீடு கட்ட முடியாது, தென்னை போன்ற உயர்ந்து வளரும் மரங்களை வைக்க முடியாது, விற்கப் போனால் வாங்க வருபவர் முதலில் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் விலையே பேசுவார். உரிமை தன் கையில் இருந்தும் பயன் குறைந்துபோகும் இந்த நிலைக்கு என்ன ஈடு தரப்பட வேண்டும் என்பதைச் சொல்வதற்காக மத்திய மின்துறை அமைச்சகம் 2024 ஜூன் மாதத்தில் ஒரு வழிகாட்டு நெறிமுறையையும், 2025 மார்ச் மாதத்தில் அதற்கு ஒரு துணை நெறிமுறையையும் வெளியிட்டது.

இது இப்போது ஏன் இவ்வளவு முக்கியமாகிறது என்றால், காற்றாலையும் சூரிய மின்தகடும் எங்கே காற்றும் வெயிலும் இருக்கின்றனவோ அங்கேதான் நிறுவப்படுகின்றன. மின்சாரம் தேவைப்படும் நகரங்களும் ஆலைகளும் வேறெங்கோ இருக்கின்றன. 2030க்குள் புதைபடிவ எரிபொருள் சாராத மின்னுற்பத்தித் திறனை 500 ஜிகாவாட்டாக உயர்த்தும் இலக்குக்கு, ஏறத்தாழ 50,890 சுற்றுக் கிலோமீட்டர் (ஒரே கோபுர வரிசையில் இரு மின்சுற்றுகள் சென்றால் நீளம் இருமுறை எண்ணப்படும்) மின்தடங்களும் 2.44 லட்சம் கோடி ரூபாய் முதலீடும் தேவைப்படும் என்று மத்திய மின்சார ஆணையம் 2022 டிசம்பரில் கணக்கிட்டது. தமிழ்நாட்டுக்கு இது புதிய பாடம் அல்ல. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் ஆடிக் காற்று அம்மியைத் தூக்கும் வேகத்தில் வீசிய பருவங்களில், மின்சாரத்தை வெளியே எடுத்துச் செல்லப் போதிய தடம் இல்லாததாலும் காற்றாலைகள் நிறுத்தி வைக்கப்பட்டதுண்டு. காற்று, சூரிய மின்சாரத்தை எடுத்துச் செல்வதற்கான பசுமை மின்தடத் திட்டத்தின் முதல் கட்டத்தில் இடம்பெற்ற 8 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 12,031 கோடி ரூபாய் மதிப்பில் 2022 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற இரண்டாம் கட்டத்திலும் அது உள்ளது. இந்தத் தடங்களை அமைக்கும் கட்டுமான நிறுவனங்கள் கரிமம் குறைந்த மின்சாரத்துக்குச் செய்யும் பெரும்பணி கோபுரமும் கம்பியும்தான் என்றாலும், அந்தப் பணி நடப்பது பெரும்பாலும் பிறருடைய வயல்களில்.

முந்தைய நெறிமுறை 2015 அக்டோபரில் வந்தது. கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 விழுக்காடும், கம்பிகள் செல்லும் பாதைக்கு அதிகபட்சம் 15 விழுக்காடும் தரலாம் என்றது அது. 2024 நெறிமுறை கோபுரப் பரப்புக்கு நில மதிப்பைப் போல இரு மடங்கு, அதாவது 200 விழுக்காடு என்றும், கம்பிப் பாதைக்கு 30 விழுக்காடு என்றும் உயர்த்தியது. கோபுரப் பரப்பு என்பதன் பொருளும் விரிந்தது: நான்கு கால்களுக்கு இடைப்பட்ட இடத்தோடு, ஒவ்வொரு பக்கமும் 1 மீட்டர் கூடுதலாகச் சேர்த்தே அளக்க வேண்டும். 2025 துணை நெறிமுறை கம்பிப் பாதைக்கான விழுக்காட்டை இடத்துக்கேற்பப் பிரித்தது. ஊரகப் பகுதிக்கு அதே 30, நகராட்சி மற்றும் திட்டமிடல் பகுதிகளுக்கு 45, மாநகராட்சி மற்றும் பெருநகரப் பகுதிகளுக்கு 60 விழுக்காடு. இவையெல்லாம் 66 கிலோவோல்ட்டும் அதற்கு மேற்பட்டதுமான தடங்களுக்கே பொருந்தும். தெருவுக்கு மின்சாரம் கொண்டுவரும் சாதாரணக் கம்பங்களுக்கு அல்ல. பயிர், மரம் ஆகியவற்றுக்கு ஏற்படும் சேதத்துக்கான ஈடு இதில் அடங்காது; அது தனிக் கணக்கு.

கணக்கைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் இது விளங்கும். ஓர் ஊரக வயலை 400 கிலோவோல்ட் தடம் 100 மீட்டர் நீளத்துக்குக் கடக்கிறது, அதற்குள் ஒரு கோபுரமும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இத்தகைய தடத்துக்கு 46 மீட்டர் அகலப் பாதை என்பது நெடுங்காலமாகப் புழங்கிவரும் அளவு. அப்படியானால் பாதையின் மொத்தப் பரப்பு 4,600 சதுர மீட்டர். கால்களுக்கு இடையே 14 மீட்டர் இருந்தால், பக்கத்துக்கு 1 மீட்டர் சேர்த்து 16க்கு 16, அதாவது 256 சதுர மீட்டர், ஏறத்தாழ 6.3 சென்ட், கோபுரப் பரப்பாகும். அதைக் கழித்தால் மீதம் ஏறக்குறைய 107 சென்ட் கம்பிப் பாதை. நிலம் ஏக்கர் 20 லட்சம், அதாவது சென்ட் 20,000 ரூபாய் என்று மதிக்கப்பட்டால், கோபுரப் பரப்புக்கு சுமார் 2.53 லட்சமும் பாதைக்கு சுமார் 6.44 லட்சமும் சேர்ந்து 9 லட்சத்தை ஒட்டி வரும். அதே நிலத்துக்குப் பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு ஏக்கருக்கு 5 லட்சம்தான் என்று கொண்டு கணக்கிட்டால், கிடைப்பது 2.25 லட்சத்தைத் தாண்டாது.

விழுக்காட்டைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் பணம் உண்மையில் தீர்மானமாவது நில மதிப்பு எழுதப்படும் அந்த ஒற்றை வரியில். ஆகவே நெறிமுறையில் நில உரிமையாளர் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி அதுவே என்பது என் உறுதியான எண்ணம். வழிகாட்டி மதிப்பு என்பது குறைந்தபட்ச அளவுகோல் மட்டுமே. சந்தை விலை அதைவிடக் கூடுதலாக இருக்கும் பகுதிகளில் அந்தச் சந்தை விலையைத் தீர்மானிக்க, மாவட்ட ஆட்சியரோ அவர் நியமிப்பவரோ தலைமை வகிக்கும் குழுவைத் துணை நெறிமுறை ஏற்படுத்துகிறது. நில உரிமையாளர்கள் தரப்புக்கு அக்குழுவில் இடம் உண்டு. மதிப்பீட்டாளர்களில் ஒருவரை அவர்களே முன்மொழியலாம். அருகிலுள்ள நிலங்களின் அண்மைக் காலக் கிரயப் பத்திர நகல்கள், கிணறும் பாசன வசதியும் குறிக்கப்பட்ட அடங்கல், சாலை முகப்பைக் காட்டும் புலப்பட நகல் ஆகியவற்றைத் தொகுத்துக் கொடுப்பவரின் பேச்சுக்கும், வெறுங்கையோடு கூட்டத்தில் எழுந்து நிற்பவரின் பேச்சுக்கும் உள்ள வேறுபாடு பெரியது. ஒரே தடத்தில் அடுத்தடுத்து நிலம் வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரே மதிப்பீட்டாளரை முன்மொழிவதே நல்லது.

அடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டியது, தடம் யாருடையது என்பது. மாநிலங்களுக்கு இடையே செல்லும் தடமா, மாநிலத்துக்கு உள்ளேயே முடியும் தடமா என்று கேட்டு எழுத்தில் பெற வேண்டும். மத்திய நெறிமுறையை மாநில அரசுகள் அப்படியே ஏற்கலாம், மாற்றங்களோடு ஏற்கலாம், தனி ஆணையும் பிறப்பிக்கலாம் என்பதால், தமிழ்நாடு மின்தொடரமைப்புக் கழகத்தின் தடமாக இருந்தால் நடப்பில் உள்ள மாநில அரசாணையின் நகலைக் கேட்பது அவசியம். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை 1,700 கிலோமீட்டருக்கு மேல் நீளும் 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டத் தடம் முதல் வகைக்கு எடுத்துக்காட்டு.

வேலை மூன்று கட்டங்களாக நடக்கிறது. முதலில் நில அளவைக்குப் பின் முளைக்குச்சி அடித்து, குழி தோண்டி, கால்களின் அடித்துண்டுகளை நிறுத்திக் கான்கிரீட் போடுவார்கள். கான்கிரீட் இறுகிய பிறகு கோபுரம் ஏற்றுவது இரண்டாம் கட்டம். கம்பி இழுப்பது மூன்றாவது. ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையே மாதங்கள் கழியலாம். அதற்குள் நில உரிமையாளர்கள் மறுபயிர் வைத்திருப்பார்கள். கம்பி இழுக்கும் நாளில் வண்டியும் ஆட்களும் வரப்பை உடைத்துக்கொண்டு போவதும், சொட்டு நீர்க் குழாய்கள் நசுங்குவதும் வழக்கமாக நடப்பவை. ஆகவே பயிர்ச் சேதத்தை ஒரே முறை எழுதி முடித்துவிடாமல், ஒவ்வொரு கட்டத்திலும் சேதம் ஏற்பட்ட அன்றே ஒளிப்படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரின் முன்னிலையில் மரங்களின் எண்ணிக்கையையும் பயிரின் பரப்பையும் பதிவு செய்துகொள்ள வேண்டும். ‘முழு இழப்பீட்டையும் பெற்றுக்கொண்டேன், இனிக் கோரிக்கை ஏதும் இல்லை’ என்ற வாசகம் உள்ள தாளில் முதல் கட்டத்திலேயே கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது.

தடம் வேண்டாம் என்று மறுக்க முடியுமா என்ற கேள்வி இயல்பானது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி அதிகாரம் பெற்ற நிறுவனத்துக்கு, 1885ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டத்தில் உள்ள அதிகாரங்கள் கிடைக்கின்றன. தந்திச் சட்டத்தை நீக்கிய 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் மின்தடங்களுக்காக அந்தப் பகுதியை விட்டுவைத்திருக்கிறது. உரிமையாளர் தடுத்தால், நிறுவனம் மாவட்ட ஆட்சியரிடம் சென்று அனுமதி பெறலாம். எனவே முழுமையாக மறுப்பது கடினம். பாதையைச் சற்று நகர்த்தவும், கோபுரத்தை வயல் நடுவிலிருந்து வரப்போரத்துக்குத் தள்ளவும் அளவைக் கட்டத்திலேயே எழுத்து மூலம் கேட்பதுதான் பலன் தரக்கூடியது. குழி தோண்டிய பிறகு அது நடக்காது.

அதே சட்டம் நிறுவனத்துக்கும் கடமை விதிக்கிறது. இயன்ற அளவு குறைந்த சேதமே செய்ய வேண்டும், செய்த சேதத்துக்கு முழு ஈடு தர வேண்டும் என்பது தந்திச் சட்டத்தின் 10ஆம் பிரிவு. தொகை போதாது என்று கருதுபவர் 16ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவின்கீழ் மாவட்ட நீதிபதியிடம் மனு செய்யலாம். கேரள மின்வாரியம் தொடர்பான 2007ஆம் ஆண்டு வழக்கில், நிலம் அமைந்துள்ள இடம், கம்பிகள் அதன் ஓரமாகப் போகின்றனவா நடுவே போகின்றனவா, எவ்வளவு பரப்பைத் தழுவுகின்றன என்பவற்றையெல்லாம் கருதியே இழப்பீடு முடிவு செய்யப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. தொகையை வாங்கிக்கொள்ளும்போது ‘ஆட்சேபத்துடன் பெற்றேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, அந்தத் தாளின் நகலையும் மதிப்பீட்டு ஆணையின் நகலையும் பட்டாவோடு சேர்த்து வைத்துக்கொண்டால், பின்னர் மனு செய்யும்போது நீதிபதியின் முன் காட்ட அவை உதவும்.