சஃபாரி முடிந்த பிறகும் மாத்திரை முடிவதில்லை

கென்யாவின் மசாய் மாராவுக்குப் போய் வந்த, அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார், ஊர் திரும்பிய 12-ஆம் நாள் காய்ச்சலும் குளிர் நடுக்கமுமாக என்னிடம் வந்தார். அதற்குள் மூன்று நாள்கள் பாராசிட்டமாலிலேயே கழிந்திருந்தன. பயணத்துக்கு முன் நான் எழுதிக்கொடுத்த மலேரியாத் தடுப்பு மாத்திரையான டாக்ஸிசைக்ளினைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். ஓர் அட்டையில் எட்டு மாத்திரைகள் அப்படியே இருந்தன. மற்ற இரண்டு அட்டைகளைப் பிரிக்கவே இல்லை. "அதான் ஊருக்கு வந்துட்டோமே டாக்டர்" என்றார்.

'நான்கு வாரம் தொடரவும்' என்று சீட்டில் எழுதியிருந்தேன், காரணத்தைச் சொல்லவில்லை. அது என் தவறு.

மலேரியாக் கிருமி கொசுக்கடியின் வழியே உடலில் நுழைந்ததும் முதலில் கல்லீரலில் தங்கிப் பெருகி, குறைந்தது ஒரு வாரம் கழித்தே இரத்தத்துக்கு வருகிறது. டாக்ஸிசைக்ளின் பெரும்பாலும் இரத்தத்துக்கு வந்த கிருமியைத்தான் தாக்கும் என்பதால், கடைசி இரவில் கடித்த கொசுவுக்காகவும் ஊர் திரும்பி நான்கு வாரம் அதை விழுங்க வேண்டியிருக்கிறது. அடோவகோன்-புரோகுவானில் என்ற இன்னொரு தடுப்பு மாத்திரை கல்லீரலிலேயே வேலை செய்வதால், திரும்பிய பின் ஏழு நாள்கள் போதும், விலைதான் கூடுதல். டாக்ஸிசைக்ளின் எடுப்பவர்களுக்கு வெயில் எளிதில் தோலைச் சுட்டுவிடும் என்பதால், கூரை திறந்த வண்டியில் நின்றபடி விலங்கு பார்ப்பவர்கள் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் அணிவது நல்லது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இந்த மருந்து ஏற்றதன்று.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டாயிற்றே, இன்னும் எதற்கு மாத்திரை என்று கேட்பவர்களும் உண்டு. சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போட்டுக்கொள்ளும் அந்த ஊசியும், அதற்கான மஞ்சள் அட்டையும், வேறொரு நோய்க்கானவை. பயணத்துக்குக் குறைந்தது 10 நாள்களுக்கு முன் போட்டால்தான் அட்டை செல்லும். அது மலேரியாவைத் தடுக்காது.

மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிஸ் கொசு அந்தி முதல் விடியல் வரை கடிக்கும். பகல் முழுதும் சிங்கத்தைத் தேடி அலைந்துவிட்டு, மாலையில் முகாமில் தீ மூட்டி அதைச் சுற்றி அரைக்கால் சட்டையுடன் அமரும் அந்த இரண்டு மணி நேரத்தை நான் அஞ்சுகிறேன். கொசுவிரட்டிக் களிம்பை அப்போது பூச வேண்டும். தான்சானியாவின் செரெங்கெட்டி, தரங்கிரே பக்கம் போகிறவர்கள் நீல, கறுப்பு உடைகளைத் தவிர்க்கலாம். பகலில் கடிக்கும் செட்சே ஈயை அந்த நிறங்கள் ஈர்க்கின்றன. அது பரப்பும் தூக்க நோய் பயணிகளிடம் அரிது என்றாலும், கடித்த இடம் புண்ணாகிக் காய்ச்சலும் வந்தால் காட்டிவிட வேண்டும்.

சென்னையில் நாங்கள் அதிகம் பார்ப்பது வைவாக்ஸ் வகை மலேரியா. ஆப்பிரிக்காவில் பரவலாக இருப்பது ஃபால்சிபாரம். குளோரோகுயின் என்ற மலேரியா மருந்துக்கு அங்கே அது பெரும்பாலும் கட்டுப்படாது, ஓரிரு நாள்களிலேயே மூளையையோ சிறுநீரகத்தையோ பாதித்துவிடும். ஆகவே திரும்பிய மூன்று மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், எந்த மருத்துவரிடம் போனாலும் ஆப்பிரிக்கா போய் வந்ததை முதலில் சொல்லி, அன்றே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முதல் பரிசோதனையில் கிருமி தெரியாவிட்டாலும், 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

அம்மையாருக்கு வந்ததும் ஃபால்சிபாரம்தான். ஆர்டிமிசினின் கூட்டு மருந்தில் குணமானார். இப்போதெல்லாம் நான் சீட்டில் வாரக்கணக்கு எழுதுவதில்லை. கடைசி மாத்திரைக்கான தேதியை எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டுவிடுகிறேன்.